புலி காலத்து நிலாத் தடம்

தடம் தொலையவில்லை. பத்திரமாகத்தான் இருந்தது. எங்கிருந்து அளந்த தடம் என்பதைத்தான் தொலைத்துவிட்டார்கள். அதுவும் வேண்டுமென்றே.

ஒரு காட்டில், நல்ல பாதையோ நல்ல தண்ணீரோ இல்லாத ஒரு காட்டில், விண்வெளித் துறை மட்டும் இருந்தது. அந்தத் துறை ஒரு முயலை விண்கலத்தில் ஏற்றி நிலாவுக்கு அனுப்பியது. பெயர் ஏகாம்பரம். ஏன் முயல் என்று யாரோ கேட்டதற்கு, "நிலாவுல ஏற்கெனவே ஒரு முயல் தெரியுதே, துணைக்கு ஆச்சு" என்றது ராஜா சிங்கம். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டாதவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டார்கள்.

ஏகாம்பரத்தின் அக்கா மரகதம் அதே துறையில் பாதைப் பிரிவில் இருந்தாள். கலம் எங்கே போகிறது, எவ்வளவு உயரத்தில் சுற்றுகிறது என்று கணக்குப் பார்ப்பது அவள் வேலை. கலம் நிலாவைப் போய்ச் சேர்ந்தது. சுற்றத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கீழே இறங்கியது. இறங்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"அக்கா," என்றது வானொலிப்பெட்டி. "கீழ இருக்கிற குழியெல்லாம் பெரிசு பெரிசாத் தெரியுது. அழகாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு அழகா இருக்கணுமா?"

"வெளிய பாக்காத. அருகம்புல் மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"தின்னுட்டுத் தூங்கு. நான் பாத்துக்கறேன்."

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நிலா எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுக்காது. அடியில் எங்கெங்கோ கனத்த பாறை புதைந்து கிடக்கும். அதற்கு மேலே போகும் கலத்தைக் கூடுதலாக இழுக்கும். எங்கே இழுக்கும் என்று தெரிந்தால் ஏகாம்பரத்தை அங்கே போகாமல் திருப்பிவிடலாம். தெரியாமல் திருப்பினால் அவன் நிலாவில் போய் மோதுவான். மறுமுயற்சிக்கு எரிபொருள் கிடையாது.

தெரிந்துகொள்ள ஒரே வழிதான். முன்பு புலி ராஜாவாக இருந்தபோது, யாரும் ஏறாத கலம் ஒன்றை நிலாவுக்கு விட்டார்கள். அது வருஷக்கணக்காகச் சுற்றியது. எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று அதன் தடம் முழுக்கப் பதிவாகியிருந்தது. அது எங்கெங்கே தடுமாறியதோ அங்கெல்லாம் நிலா இழுக்கிறது. அவ்வளவுதான். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

மரகதம் ஆவணக் காப்பகத்துக்கு ஓடினாள். அது மலையடிவாரத்தில் ஒரு பொந்து. பொறுப்பில் இருந்தது கரடி கோதண்டம். வாசலில் நீண்ட வரிசை. வரிசை நகரவில்லை, கரடி குளிர்கால உறக்கத்தில் இருந்ததால். இந்தக் காட்டில் குளிர்காலமே கிடையாது என்று மரகதம் எடுத்துச் சொன்னபிறகு, முறைத்துக்கொண்டே எழுந்தது.

"என்ன வேணும்?"

"புலி காலத்து நிலாத் தடம் வேணுங்கய்யா."

"பாதுகாப்பா இருக்கு."

"சந்தோஷம். குடுங்க."

"பாதுகாப்பா இருக்குன்னு சொல்றேன். குடுத்துட்டா அப்புறம் எப்படிப் பாதுகாப்பா இருக்கும்?"

"பயன்படுத்தத்தானே பாதுகாக்கறீங்க?"

"பயன்படுத்தறது வேற துறைம்மா."

"ஐயா, மேல என் தம்பி சாகக் கிடக்கான்."

கரடி கொஞ்சம் இளகியது. "அடடா. ஒண்ணும் கவலைப்படாத. அவன் விழுந்த தடத்தைக் கொண்டாந்து குடு. அதையும் பத்திரமா வச்சிடறேன்."

மரகதம் வாதாடவில்லை. வெளியே போனாள். ஒரு தேன்கூட்டோடு திரும்பி வந்தாள். மேசைமேல் வைத்தாள். கரடி விதியை இன்னொரு தடவை படித்துப் பார்த்தது. விதியில் இடம் இருந்தது.

தடம் பதிந்திருந்த நாடாவை ஓட்டிப் பார்த்தாள். குறை சொல்லக் கூடாது, கரடி நன்றாகத்தான் வைத்திருந்தது. பூஞ்சை இல்லை. ஓர் எண் கூட அழியவில்லை. ஆனால் முதல் வரியைப் படித்ததுமே மரகதத்தின் காது இரண்டும் தொங்கிப்போயின.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். எல்லாத் தூரத்தையும் ராஜாவின் இருக்கையிலிருந்துதான் அளப்பார்கள். குளத்துக்கு எவ்வளவு தூரம், பக்கத்துக் காட்டுக்கு எவ்வளவு, நிலாவுக்கு எவ்வளவு, எல்லாம். ராஜா மாறினால் அளவும் மாறும். மற்ற காடுகளில் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இங்கே மரியாதை என்பார்கள்.

புலியின் தடம் புலியின் குகை வாசலிலிருந்து அளந்தது. மரகதத்தின் கணக்கு சிங்கத்தின் இருக்கையிலிருந்து. குகைக்கும் இருக்கைக்கும் நடுவே எவ்வளவு என்று தெரிந்தால்தான் பழைய தடத்தை இப்போதைய நிலாமேல் பொருத்த முடியும். தப்பாகப் பொருத்தினால் மேடு இருக்கும் இடத்தில் குழி வரும். குழி இருக்கும் இடத்தில் ஏகாம்பரம் வருவான்.

சரி, குகை எங்கே?

சிங்கம் பட்டத்துக்கு வந்த கையோடு அதை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டது. வரைபடத்திலிருந்தும் எடுத்தாயிற்று. பள்ளிக்கூடத்தில், சிங்கத்துக்கு முன் காட்டை ஆண்டது யார் என்ற கேள்விக்கு, "இளம் சிங்கம்" என்று எழுதினால் முழு மதிப்பெண். மரகதம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். குகையைப் பார்த்ததில்லை.

மானிடம் கேட்டாள்.

"புலியா? அப்படின்னு ஒரு மிருகமா? கேள்விப்பட்டதில்லையே" என்றது மான். அதன் முதுகில் நாலு நகக்கீறல் இருந்தது.

காட்டுக்கோழியிடம் கேட்டாள்.

"நான் அப்ப முட்டைக்குள்ள இருந்தேன்."

"எப்ப?"

"நீ எப்பன்னு கேட்டாலும் அப்ப."

குரங்கு மட்டும் காட்டித் தந்தது. எட்டுத் திசையிலும் காட்டித் தந்தது. பயமும் இல்லை, பயனும் இல்லை.

கடைசியில் அரச செயலாளர் முள்ளம்பன்றி திருமேனியிடம் போனாள். அதனிடம் எட்ட நின்றுதான் பேச முடியும். எல்லாரும் மரியாதையாக நிற்பதாக அது நினைத்துக்கொண்டிருந்தது.

"குகைன்னு ஒண்ணு இருந்ததே இல்ல" என்றது.

"அப்ப இந்தத் தடம் எங்கேருந்து அளந்ததுங்க?"

"இல்லாத இடத்திலேருந்து."

"சரிங்க. அந்த இல்லாத இடம் எங்க இருக்கு?"

முள் சிலிர்த்தது. "ஏ முயல், இன்னொரு தடவ கேட்டே, ராஜாகிட்டயே சொல்லிடுவேன்."

"குகை எங்க இருந்துச்சு?"

திருமேனி போய்ச் சொல்லிவிட்டது.

அன்றைக்குச் சிங்கத்துக்குக் கறி இறங்கவில்லை. "தேடுதா? ஒரு முயல் அந்த இடத்தைத் தேடுதா? கண்டுபிடிச்சா? அங்க ஒரு விளக்கு ஏத்தி வச்சா? மாலை போட்டா? அப்புறம் புலியே வந்து நின்னா?"

"தம்பி நிலாவுல மாட்டியிருக்கானாம், அவனுக்காகங்க..."

"எல்லாரும் அப்படித்தான்யா ஆரம்பிப்பானுங்க!"

இதற்குள் வானொலிப்பெட்டி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டது. மரகதம் ஓடிவந்து எடுத்தாள்.

"அக்கா, கலத்தோட நிழல் நிலாமேல தெரியுது."

"எப்படித் தெரியுது?"

"போன சுத்துல புகை மாதிரி இருந்துச்சு. இப்ப கலத்துக் கம்பியெல்லாம் தனித்தனியாத் தெரியுது." பெட்டி ஒரு தடவை கரகரத்தது. "அக்கா, நான் தூங்கலை. தூங்கினேன்னு பொய் சொன்னேன்."

"தெரியும்டா."

அதற்குமேல் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அளவுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். எங்கே போவது என்று தெரியாமல் நடந்தாள். ஓடைக்கரையில், நேற்றுவரை வெறும் புதராகக் கிடந்த இடத்தில், புதிதாக முள்வேலி. வேலிக்குள்ளே ஒரு யானை. யானைக்குப் பக்கத்தில் பெயிண்ட் காயாத ஒரு பலகை:

இந்த இடத்தில் எந்தக் குகையும் இருந்ததில்லை. அரச ஆணை.

மரகதம் பலகையை இரண்டு தடவை படித்தாள்.

"யானையண்ணே, இங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் காவல்."

"இல்லாத குகைக்கு வாசல் எந்தப் பக்கம்ணே?"

"வாசலே கிடையாது தாயி. கிடையாத வாசல் இதோ, என் இடது காலுக்குக் கீழ. இத விட்டு நகரக் கூடாதுன்னு உத்தரவு."

"நகராதீங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நகராதீங்க."

யானையின் இடது காலில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டினாள். என்ன என்று யானை கேட்டது. ராஜாவிடமிருந்து நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று பார்க்கிறேன் என்றாள். பதவி உயர்வு சம்பந்தமாக இருக்கும் என்று யானை காலைக் கல்லாக வைத்துக்கொண்டது.

ராஜாவின் இருக்கை வரைக்கும் அளந்தாள். ஓடினாள். பழைய தடத்தைப் புதிய கணக்கில் பொருத்தினாள். புலியின் கலம் தடுமாறிய இடமும் ஏகாம்பரத்தின் கலம் இறங்கிய இடமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தன.

"ஏகாம்பரம், இடது கைப்பிடியப் பிடி. நான் சொல்றப்ப தள்ளு. சொல்றதுக்கு முன்ன தொடாத."

"சொன்னப்புறம்?"

"சொன்னப்புறம் விடாத."

சொன்னாள். தள்ளினான். பெட்டியில் இரைச்சல் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் அது மட்டுமே கேட்டது.

"அக்கா, நிழல் மங்குது. கம்பி தெரியல. அக்கா, இப்ப நிழலே தெரியல."

மரகதம் காதால் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏகாம்பரம் வந்து சேர்ந்தான். சதுப்பில் விழுந்தான். சேறு தவிர வேறு சேதம் இல்லை. விழா எடுத்தார்கள். தடத்தைப் பாதுகாத்ததற்காகக் கரடிக்கு விருது. அது தூங்கிக்கொண்டிருந்ததால் விருதைக் காப்பகத்திலேயே பத்திரப்படுத்திவிட்டார்கள். திருமேனிக்கும் மாலை உண்டு. போடத்தான் யாரும் முன்வரவில்லை. மரகதத்துக்கு ஓர் ஓலை வந்தது: இல்லாத இடத்துக்கு அனுமதியின்றிப் போனது ஏன்?

அவள் அதற்குப் பதில் எழுதவில்லை. மேடைக்குப் போய் ராஜாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ராஜா, ஏகாம்பரத்தோட தடமும் காப்பகத்துக்குப் போகுது. உங்க இருக்கை எங்க இருக்குன்னு அதுல ஒரு வரி சேத்துடலாங்களா?"

சிங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. "என் இருக்கை எங்கன்னு எழுதி வேற வைக்கணுமா? அது எங்க போயிடப் போகுது?"

கூட்டமும் சிரித்தது. யானை மட்டும் சிரிக்கவில்லை. அது புலி காலத்திலும் காவல் பார்த்தது.

மரகதம் தம்பியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நீதி: ஓர் இடம் காணாமல் போனால் வரைபடத்தைப் புரட்டி நேரத்தை வீணாக்காதே. அதை அழித்தவர் காதில் விழும்படி, தேடுகிறேன் என்று மட்டும் சொல். அவரே வேலி கட்டி, ஆள் போட்டு, பலகை எழுதிக் காட்டித் தருவார். ஆக, ஏகாம்பரத்தை நிலாவிலிருந்து மீட்டுத் தந்தவர் மாண்புமிகு சிங்க ராஜா.