வடகத்துக்குப் பிடித்த குடை

கொஞ்சம் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எது பிழைத்தாலும் எழும்பிப் போய்ப் பார்க்கமாட்டோம். இருந்த இடத்திலிருந்தே காரணம் சொல்வோம். எனக்கு அந்த வியாதி பொறியியல் படிப்பின் கடைசி வருடத்தில் முற்றியிருந்தது.

என் இறுதியாண்டு வேலை ஒரு சூரியத் தகடு. சும்மா தகடு இல்லை. வழமையான தகடு வெயிலில் கொஞ்சத்தைத்தான் மின்சாரமாக்கும், மிச்சம் சூடாகி வீணாய்ப் போகும். நான் அதன் முதுகில், சூட்டையும் மின்சாரமாக்குகிற சின்ன வில்லைகளை ஒட்டி, அதற்குக் கீழே கிணற்றுத் தண்ணீர் ஓடும் அலுமினியப் பெட்டியொன்றைப் பூட்டியிருந்தேன். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர், நடுவில் கறண்ட்.

சண்டிலிப்பாயில் எங்கள் சமையலறையின் கொங்கிறீட் கூரையில் அதை ஏற்றிய நாளிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. தேத்தண்ணி ஆறினால் பிரசங்கம், அடுப்பில் தணல் மிஞ்சினால் பிரசங்கம். சூட்டை வீணாக்கக்கூடாது, வெயில் குறைந்தாலும் என் தகடு சூட்டில் வேலை செய்யும் என்று அம்மாவின் காதில் ஓதிக்கொண்டே இருந்தேன். (அம்மா பாவம், அதையெல்லாம் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.)

கூரையோடு பூட்டிய பொருளைக் கழற்றிக் கொண்டுபோக முடியாததால், புள்ளி போடும் தேர்வாளர் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு. அன்றைக்குத் தகடு வேலை செய்யாவிட்டால் பட்டம் இன்னொரு வருடம் தள்ளிப்போகும். அதற்கு முதல் நாள் எல்லாம் சரியாக இருந்தது. காலையில் ஒருதரம் ஏறிப் பார்த்திருக்கலாம். ஆனால் நேரமெல்லாம் சேலை உடுத்துவதில் போய்விட்டது.

மாமரத்துக்குக் கீழே மேசை போட்டு, கூரையிலிருந்து வந்த வயரில் ஒரு மீற்றரும் சின்ன மின்விசிறியும் கொளுவியிருந்தேன். தேர்வாளர் மோட்டார்சைக்கிளில் வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்கினார். விசிறியை அவர் முகத்துக்கு நேரே திருப்பி வைத்து, பெருமையோடு சுவிட்சைப் போட்டேன்.

விசிறி அசையவில்லை. மீற்றரும் பூச்சியத்தை விட்டு நகர மனமில்லாமல் கிடந்தது.

மேலே ஏற ஏணி பக்கத்திலேயே இருந்தது. நானோ வாயைத் திறந்தேன். காற்றில் ஈரப்பதன், தோட்டத்துப் புழுதி, வில்லைகளின் உட்தடை என்று தொடங்கி, கண்ணுக்குத் தெரியாத மென்முகில் வரை போனேன். வானம் பளிங்குபோல இருந்தது. தேர்வாளர் லேஞ்சியால் கழுத்தைத் துடைத்தபடி தலையாட்ட, எனக்கே என் முகிலில் நம்பிக்கை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அம்மா தேத்தண்ணியோடு வந்தார்.

"பிள்ளை, குடையை எடுத்துவிடட்டே? வடகம் காஞ்சிருக்கும்."

"என்ன குடை?"

"காகத்துக்கு வைச்ச குடை."

தேர்வாளர் கோப்பையை வைத்துவிட்டு ஏணியில் ஏறினார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினேன். தகட்டின் கண்ணாடி முழுக்க வேப்பம்பூ வடகம் வரிசையாகப் பரவிக்கிடந்தது. அதற்கு மேலே அப்பாவின் கறுப்புக் குடை, காற்றுக்குப் பறக்காமல் சட்டத்தோடு கயிறு போட்டுக் கட்டியபடி விரிந்திருந்தது. எங்கள் பக்கம் வடகம் காயப்போட்டால் காகம் வராமலிருக்க இப்படிக் குடை வைப்பது வழக்கம். என் தகட்டுக்கு வெயில் வராமலிருக்கவும் அது நன்றாக உதவியது.

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. அம்மாவோ கீழே நின்று நியாயம் கேட்டார்.

"சூட்டை வீணாக்கக்கூடாதெண்டு நீதானே சொன்னனீ. வெயில் குறைஞ்சாலும் வேலை செய்யுமெண்டும் நீதானே சொன்னனீ."

ஒரு சொல்கூட அவருடையதில்லை, எல்லாம் என்னுடையவை. தேர்வாளர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது தெரிந்தது.

குடையை அவிழ்த்து, வடகத்தைச் சுளகில் அள்ளி, கண்ணாடியில் பிடித்திருந்த உழுந்து மாவைத் தேங்காய்ப் பொச்சால் உரஞ்சிக் கழுவினேன். பட்டுச்சேலையின் கதையைக் கேட்காதீர்கள். எல்லாம் முடிந்து கீழே வந்து சுவிட்சைப் போட்டபோது விசிறி சுழன்றது. கொஞ்ச நேரத்தில் தகடு சூடேற, வில்லைகளும் தங்கள் பங்கைச் சேர்த்தன. தேர்வாளர் அந்தக் காற்றில் முகத்தைக் காட்டி, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"உம்மடை தகடு வேலை செய்யுது பிள்ளை. உம்மடை விளக்கம்தான் வேலை செய்யேல்லை" என்றார்.

வாய்மொழித் தேர்வுக்குப் புள்ளி குறைந்தாலும் பட்டம் தப்பியது. அம்மா ஒரு பை நிறைய வடகம் கட்டிக் கொடுக்க, தேர்வாளர் மறுக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது வீடுவீடாகச் சூரியத் தகடு பூட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். எங்கு போனாலும் முதலில் ஏணியைத்தான் கேட்பேன். ஆனால் வியாதி முழுதாக விட்டபாடில்லை. போன மாதம் வீட்டுக்குப் போக முடியாததற்கு வேலை, மழை, வாகனம் என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் நீளமாகக் காரணம் சொன்னேன். அம்மா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"சரி பிள்ளை," என்றார், "குடையை எடுத்துப்போட்டு வா."

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.