இடப்பக்கத்துச் சலாம்

அன்பின் மச்சான் ஆதம்பாவா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தச் சலாமை வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று இரண்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நானும் உங்கள் தங்கை லைலாவும் சுகம். மூதூரில் நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம்.

மச்சான், உங்கள் மகள் கல்யாணத்தில் ஒரே தட்டைச் சுற்றியிருந்து சாப்பிட்ட சஹன் சோறு ஆறிவிட்டது என்று நான் சொன்னது உண்மை. அடுத்த ஜும்ஆவில் தொழுது முடிக்கும்போது இரண்டு பக்கமும் திரும்பிக் கொடுக்க வேண்டிய சலாமை வலப்பக்கம் மட்டும் கொடுத்தேன், இடப்பக்கம் இருந்த உங்கள் பக்கம் திரும்பவில்லை, அதுவும் உண்மை. "சோத்துக்காக மூஞ்சத் திருப்பிட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து எங்கள் வாசலை நீங்கள் மிதிக்கவில்லை. அல்லாஹ் மேல் சத்தியமாக நான் மூஞ்சியைத் திருப்பவில்லை மச்சான், திருப்பத்தான் ஏலாமல் இருந்தது! கல்யாண வீட்டுக் கதிரையில் இருந்தபடி தூங்கியதில் கழுத்துப் பிடித்து, பிறகு விலாவில் மூச்சுப் பிடித்து, வயிறும் இறுகி, தலையிடியும் சேர்ந்துகொண்டது. லைலாவோ "ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் என்ட கூடப்பிறந்த காக்கா வரமாட்டாரா" என்று ஒரே அழுகை.

கடைசியில் இங்கே ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் டொக்டர் மெல்ரோயிடம் போனேன். வெளிநாட்டில் ஒஸ்டியோபதி படித்தவர், கையாலேயே வைத்தியம் செய்கிறார். நான் கழுத்தைக் காட்ட, மனிசன் காலைப் பிடித்தார்! "ஐயோ டொக்டர், நீங்க போய் என்ட காலப் பிடிக்கிறதா?" என்று பதறிவிட்டேன். "உடம்பு முழுக்க ஒண்டோட ஒண்டு தொடுத்திருக்கு, பேசாமப் படுங்கோ" என்றார். காலிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து விலா. "மூச்சைப் பிடியுங்கோ" என்றார். "அது பிடிச்சபடியாத்தானே டொக்டர் வந்தனான்" என்றேன். சிரித்துக்கொண்டே விலாவுக்குக் கீழே விரலை வைத்து மெதுவாக அழுத்தினார். சுப்ஹானல்லாஹ்! எனக்குள் இவ்வளவு இடம் இருப்பதே அன்றுதான் தெரியும், மூச்சு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வெளியில் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி வயிறு கடகடவென்றது. தலையிடி எப்போது போனதென்றே தெரியவில்லை. கழுத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் தொட்டார், திரும்பிவிட்டது! துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டிய காலத்தில், கப்பலின் தலையைத் திருப்ப வாலைத்தான் தள்ளுவேன். அதே வித்தையை என் உடம்பிலேயே ஒருவர் காட்டிவிட்டார்!

வீட்டுக்கு வந்து லைலாவை இடப்பக்கம் நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். "என்ட காக்கா நிக்க வேண்டிய இடம் இது" என்று அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. பெருநாள் தொழுகைக்கு வாருங்கள் மச்சான். நீங்கள் வராத வீட்டில் எங்களுக்குப் பெருநாளே இல்லை. சோறு எவ்வளவு ஆறியிருந்தாலும் வாய் திறக்கமாட்டேன்.

உங்கள் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், நன்றாகத் திரும்பும் கழுத்தையும் தருவானாக.

இப்படிக்கு,
மச்சான் றுவைஸ்

பி.கு: இதைத் தபாலில் போட மோட்டார் சைக்கிளைக் கிளப்ப ஓர் உதை உதைத்தேன், கடக் என்றது. கழுத்து மறுபடியும் பிடித்துவிட்டது. இந்த முறை இடப்பக்கமாக. வலப்பக்கம் கொஞ்சமும் திருப்ப ஏலாது. டொக்டர் கொழும்புக்குப் போய்விட்டார், பெருநாளைக்குப் பிறகுதான் வருவாராம். பரவாயில்லை, நீங்கள் மறக்காமல் என் இடப்பக்கம் வந்து நில்லுங்கள், உங்களையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். வலப்பக்கம் நிற்கும் முஹம்மது தம்பி கோபித்தால், அவருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொள்கிறேன்.