என் அளவுக்கு வெட்டிய குழி

மடுல்கெல்ல,
ஆனி 5

கம்பளையில் கடையும் குடும்பமுமாக இருக்கும் மைத்துனர் கணபதி அவர்களுக்கு அழகையா எழுதுவது. நானும் உங்கள் அக்கா சுப்பம்மாவும் உடம்பளவில் சுகம். அங்கும் எல்லோரும் அப்படியே இருக்கக் கதிரேசன் துணை. தொலைபேசியில் சொன்னால் நடுவில் சிரிப்பீர்கள், அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். செத்த பிறகு நான் படுப்பதற்காக வெட்டி வைத்திருந்த குழியை உங்கள் அக்கா வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள். நீங்கள் வந்து நியாயம் கேட்க வேண்டும்.

நாங்கள் வேலை செய்யும் மாட்டுப் பண்ணை உங்களுக்குத் தெரியும். பழைய தேயிலை மலையைக் காடாகவும் புல்லாகவும் மாற்றி, மாடுகளை மாதத்துக்கு ஒரு பக்கம் மேய்க்கிறார்கள். மேல் சரிவில் இயற்கை மயானம். சீமெந்து கூடாது, மெருகு போட்ட பெட்டி கூடாது, நைலோன் சேலை கூடாது. பாயில் சுற்றி இறக்கி, மேலே ஒரு நாவல் கன்றை நட்டுவிடுவார்கள். பண்ணையில் வேலை செய்தவர்களுக்கும் இடம் உண்டு என்றதும், நானும் உங்கள் அக்காவும் பக்கத்துப் பக்கத்தில் முளைக்குச்சி அடித்து இடம் பிடித்தோம்.

மாசியில் மண் பொலபொலவென்று இருந்தது. ஆனியில் அது களியாகிவிடும். வெட்டுகிறவர்கள் பாதியில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். நாற்பது வருடம் மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டியவன் நான். அடுத்தவன் வெட்டிய குழியில் படுக்க எனக்கு என்ன தலையெழுத்து? மூன்று நாளில் நானே வெட்டி முடித்தேன். பண்ணையை நடத்தும் மதனி என்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை, படித்த பிள்ளை, ஓடி வந்தது.

“ஐயா, ஆள் வந்தாப் பிறகுதான் குழி வெட்டலாம்.”

“ஆளு நாந்தான். வந்துட்டேனே.”

“உயிரோட வந்தாக் கணக்கில்லை ஐயா!”

மூடச் சொன்னது. நான் மூடவில்லை. அதன் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. பங்குனியில் ஒரு கன்றுக்குட்டி உள்ளே விழுந்து அதைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது, வேலி போட்டேன், வேலியைப் பன்றி பிரித்தது, தகரம் போட்டு மூடினேன், தகரத்தின் கீழ் முள்ளம்பன்றி குடித்தனம் வைத்தது, அதை விரட்டக் கூடாது, இந்தப் பண்ணையில் அதற்குத்தான் முதல் மரியாதை என்று மதனி சொல்லிவிட்டது, அது குட்டியோடு தானாகப் போகும்வரை சித்திரை முழுக்க என் குழிக்கு நானே அந்நியன், போன பிறகு நீளம் சரிதானா என்று படுத்துப் பார்த்தேன், நீளம் சரி, ஆனால் அந்த நேரம் பார்த்து இடிமழை, களி வழுக்கி ஏற முடியவில்லை, பதினொரு மாடுகள் சுற்றி நின்று பார்த்தன, கடைசியில் உங்கள் அக்கா ஏணியோடு வந்து, “அங்கனயே கெடங்க, மறுபடி எறக்குற வேலையாவது மிச்சம்” என்றாள்.

இனித்தான் அநியாயம். கண்டியில் விவேகானந்தன் என்று ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர். எரிக்க வேண்டாம், மரமாக வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்து, தனக்கும் ஓர் இடம் பார்க்க வைகாசியில் வந்தார். என் குழியைக் குனிந்து பார்த்து, “இடக்கைப் பக்கம் கொஞ்சம் கோணலாக் கிடக்கு” என்றார். கான் வெட்டியவனிடம் முத்திரை குத்தியவர் சொல்கிறார்.

போன செவ்வாய் அந்த மனிதர் காலமானார். வியாழன் கொண்டு வந்தார்கள். அடைமழை. வெட்ட வெட்டக் குழி குளமானது. நான் திரும்பப் போட்டு வைத்த தகரத்தின் கீழ் என் குழி மட்டும் காய்ந்து கிடந்தது. நான் கண் காட்டக் கண்டி கிளினிக்குக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், என் குழியின் மேல் பூவும் நாவல் கன்றும்.

“என்னா வேலை செஞ்ச?” என்று கேட்டேன்.

“சும்மாதானே கெடந்துச்சு? நீங்க பாவிக்கலையே” என்றாள் உங்கள் அக்கா.

யோசித்துப் பாருங்கள். அவள் முளைக்குச்சிக்குப் பக்கத்தில் காலாகாலத்துக்கும் ஒரு தபால் அதிபர். கன்று நட்டாயிற்று, இனி அசைக்க முடியாது என்கிறது மதனி. ஆகவே உங்கள் அக்கா தன் குச்சியைப் பிடுங்கி, நான் காட்டும் புது இடத்துக்குப் பக்கத்தில் அடிக்க வேண்டும். நான் கேட்டால் காது கேட்காதவள் மாதிரி மாட்டுக்குப் புல் போடுகிறாள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து கேளுங்கள். புதுக் குழியை நான் வெட்டத் தொடங்கிவிட்டேன், மழை வந்தாலும் நிறுத்த மாட்டேன்.

உங்கள் வீட்டுத் தங்கச்சிக்கு மூட்டு வலி குறையவும், பிள்ளைகள் சோதனையில் சித்தி பெறவும், உங்கள் கடை வாசலில் ஆள் குறையாமல் இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இ. அழகையா

பிற்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் உங்கள் அக்கா இதை வாசித்துவிட்டாள். “தம்பிய எதுக்குக் கூப்புடுறீங்க? எங்கிட்டயே கேளுங்க” என்றாள். கேட்டேன். “தெனம் பால் கறக்கப் போற வழியில ஒங்க அளவுக்கு ஒரு குழி. நாலு மாசமாப் பாத்துக்கிட்டுத்தான் போனேன். அந்த மழையில அவங்க வந்து நின்னப்ப, யாருக்காச்சும் போவட்டும்னு காட்டிவிட்டுட்டேன்” என்றாள். அப்போ நான் எங்கே படுப்பது என்றேன். “வீட்லதான்” என்றாள். புது இடத்தில் ஓரடி வெட்டியிருந்தேன், மூடிவிட்டேன். நீங்கள் வர வேண்டாம்.