மாமனாரின் குண்டாவும் என் ஒன்பது செயற்கைக்கோள்களும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது மணி கேட்டால் மணியை மட்டும் சொல்லி நிறுத்த மாட்டேன். அது எவ்வளவு துல்லியம் என்பதையும் சொல்லித்தான் விடுவேன். காரிமங்கலத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் நானே பாகங்களைச் சேர்த்துச் செய்த ஒரு பெட்டி இருக்கிறது. மொட்டை மாடியில் காளான் மாதிரி நிற்கும் ஆன்டெனா வழியாக ஒன்பது செயற்கைக்கோள்களிடமிருந்து நேரத்தை வாங்கி, நொடியைப் பல லட்சமாகப் பிளந்து காட்டும். (அதை வைத்து என்ன செய்வாய் என்று கேட்காதீர்கள். மனைவி கலா கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.)

என் மாமனார் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மொரப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் அந்தப் பெட்டியைப் பார்ப்பார், தன் கைக்கடிகாரத்தைத் தடவுவார், சிரிப்பார். எத்தனை வருடம்தான் பொறுப்பது? போன ஐப்பசியில் அவர் வந்து தங்கியிருந்தபோது சவால் விட்டேன். "நாளைக்குக் காத்தால பத்து மணிக்கு ரெண்டையும் வெச்சுப் பாத்துரலாங்க மாமா."

மறுநாள் ஒன்பது மணிக்குப் பார்த்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. செயற்கைக்கோள்: பூஜ்யம்.

வயரைப் பிடுங்கிச் சொருகினேன். பவர் சப்ளையை மாற்றினேன். மிக்சியை நிறுத்தச் சொன்னேன். சட்னி பாதியில் நின்றது.

"ஏங்க, மாடிக்குப் போயி ஒருக்கா பாருங்களேன்" என்றாள் கலா.

"உனக்கு சிக்னலப் பத்தி என்ன தெரியும்?"

மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் இதே பதில். பிறகு, முருங்கை மரம்தான் வானத்தை மறைக்கிறது என்று எனக்கு ஞானம் பிறந்தது. கீழே நின்றபடியே துரட்டியால் இழுத்தேன். பெரிய கிளையொன்று காயோடு முறிந்து விழுந்தது. அது மாமனார் ஊரிலிருந்து கொம்பு கொண்டுவந்து நட்ட மரம். பூஜ்யம் அப்படியே இருந்தது.

பத்துக்கு இரண்டு நிமிடம். ஆத்திரத்தில் பெட்டியை ஒருமுறை நிறுத்தி மறுபடி போட்டேன். அதுவரை கைவசம் இருந்த நேரத்தை வைத்தாவது அது ஓடிக்கொண்டிருந்தது, அதையும் கெடுத்தேன். மாமனார் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் படித்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பது, ஜனவரி ஆறுங்களா மாப்ள?"

"செயற்கைக்கோள் கணக்கு ஆரம்பிச்ச நாளுங்க மாமா. சிக்னல் கெடைக்கலேன்னா அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்."

"அப்ப எனக்கே கல்யாணம் ஆவலீங்களே. உங்களுக்கு எப்புடிங்க பொண்ணு குடுத்தேன்?"

கலா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவமானம் தாங்காமல் மாடிக்கு ஓடினேன். ஆன்டெனா இருந்த இடத்தில் ஒரு பெரிய அலுமினியக் குண்டா கவிழ்ந்து கிடந்தது. காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல் வேறு.

பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வந்தார் மாமனார். "நாந்தாங்க கவுத்து வெச்சேன். விடியக்கால தூறல் போட்டுச்சு. ஆசையாச் செஞ்சு வெச்சிருக்கீங்க, நனைஞ்சு போயிருமேன்னு..."

கத்துவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் அவர் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்துவிட்டார். முறிந்த கிளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் குண்டாவைப் பார்த்தேன். அதை எடுத்துக்கொண்டு இருவரும் இறங்கினோம்.

பெட்டி இப்போது ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் மாமனார் போன் செய்தால் நலம் விசாரிப்பதில்லை. "மாப்ள, உங்க வூட்டுல இன்னிக்கு என்ன வருசங்க?" என்றுதான் ஆரம்பிப்பார்.

சமையலறையிலிருந்து கலா குரல் கொடுப்பாள்: "எனக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னும் சேத்துக் கேளுங்கப்பா!"