கண்ணாடிக்கடைக்காரர் எழுதிய கால்பந்து நாடகம்

இந்த வருஷம் நாடக விழாவில் மேடை ஏறியே தீருவது என்று கண்ணாடிக்கடைக்காரர் முடிவெடுத்தபோது சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை. அந்தக் கோலத்திலேயே சமையலறைக்குப் போய் மனைவியிடம் தன் தீர்மானத்தை அறிவித்தார். அவள் கேட்டுக்கொண்டு, காதில் நுரை இருப்பதாகச் சொன்னாள்.

மூக்குக்கண்ணாடி விற்பது அவர் தொழில். நாடகம் எழுதுவது அவர் பிடிவாதம். ஆறு வருஷமாக விழாக் குழுவுக்கு எழுதி அனுப்பி வந்தார். ஆறும் சோகம். ஒன்றில் கதாநாயகன் கடைசிக் காட்சியில் பார்வை இழப்பான். இன்னொன்றில் முதல் காட்சியிலேயே இழந்துவிடுவான். ஆறும் போன வேகத்தில் திரும்பி வந்தன. இந்த முறை குழு நகைச்சுவை கேட்டிருந்தது. நடிகர் ஒரே ஒருவர், நேரம் நாற்பது நிமிஷம்.

சிரிப்புக்குப் பொருள் தேடி அவர் அலையவேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே இருந்தது. அவர் மனைவி ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஞாயிறு காலைகளில் முப்பத்தைந்தைத் தாண்டிய பெண்களின் கால்பந்து அணிக்கு கோல்கீப்பர். பெண்கள் கால்பந்து என்று சொன்னாலே சனங்கள் சிரித்துவிடுவார்கள், மீதியை எழுதினால் போதும் என்று நினைத்தார்.

பத்தே நாளில் எழுதி முடித்தார். பதினொரு பெண்களும் அவரேதான். ஒருத்தி பந்தைக் கண்டதும் எதிர்ப்பக்கம் ஓடுவாள். ஒருத்தி கோல் விழும் நேரத்தில் தலை வாருவாள். ஒருத்திக்கு அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் ஆட்டம் முழுக்க. கூடத்தில் மனைவியை உட்காரவைத்து அத்தனையும் நடித்துக் காட்டினார். அவள் தன் கையுறையின் கிழிந்த விரலைத் தைத்தபடி பார்த்தாள். ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. ஒரு இடத்திலும் கோபப்படவுமில்லை, அதுதான் அவரை உறுத்தியது.

முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பந்து எங்க?"

"எந்தப் பந்து?"

"கால்பந்து நாடகம்னு சொன்னீங்க. நாற்பது நிமிஷத்துல ஒருத்தரும் பந்தைத் தொடவே இல்லையே."

அவர் தாள்களைப் புரட்டினார். உண்மைதான். பந்தைப் பற்றி எழுத அவருக்கு எதுவும் தெரியாது. ஒன்பது வருஷமாக அவள் ஆடுகிறாள், ஒரு ஆட்டம்கூட அவர் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் எழுதும் நாள். அதாவது பத்து மணிக்கு எழும் நாள்.

"எழுதறவரு நீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா. ஒரே ஒரு தடவை வந்து பாருங்க. ஓரமா நின்னா போதும்" என்றாள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு பணிவான குரலை அவர் கேட்டதில்லை. அதில் மயங்கி, உடனே புது நோட்டு ஒன்று எடுத்துவைத்தார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, கிடங்குகளுக்குப் பின்னாலிருந்த மைதானத்தில், ஈரப் புல்லில் செருப்பு வழுக்க நின்றார். அணியின் கேப்டன் வந்து வணக்கம் சொன்னார். ஊரில் பாதிப் பேருக்குப் பல் பிடுங்கிய டாக்டர் அவர். ஒரே இடத்தில் நின்றால் பாதி ஆட்டம்தான் தெரியும், கோட்டோரமாக நடந்தால் முழுசும் தெரியும் என்றார் டாக்டர். எப்படியும் நடக்கப்போகிறீர்கள், இதையும் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மஞ்சள் கொடி ஒன்றைக் கொடுத்தார். பந்து கோட்டைத் தாண்டினால் தூக்கவேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு அணியும் கொடிக்கு ஆள் கொண்டுவர வேண்டும் என்பது விதியாம். ஆள் கிடைக்காமல் போன வருஷம் இரண்டு ஆட்டத்தை ஆடாமலே தோற்றார்களாம். கண்ணாடிக்கடைக்காரருக்கு அது சுவையான தகவலாகப் பட்டது. நோட்டில் குறித்துக்கொண்டார். நடிகனுக்குக் கையில் ஏதாவது இருப்பது நல்லதுதானே என்று கொடியையும் வாங்கிக்கொண்டார்.

அன்று பதினொரு முறை கொடியைத் தூக்கினார். ஒன்பது தவறு. எதிரணியில் ஒரு பெண் அருகில் வந்து, நல்ல கண்ணாடியாக வாங்கிப் போடும்படி அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனாள். இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடி விற்கும் மனுஷனுக்கு இதைவிட என்ன வேண்டும். பந்து வரும் முன்பே எதிரணியை முந்திப்போய் நிற்கிற தப்பு, அந்த ஆஃப்சைடைக் கற்றுக்கொள்ளாமல் விடுவதில்லை என்று அவர் அந்த இடத்திலேயே உறுதி பூண்டார்.

மறுநாள் மனைவி கடைக்கே வந்து பாடம் நடத்தினாள். மேஜைக் கண்ணாடிமேல் படிக்கிற கண்ணாடிகளை ஒரு பக்கமும் வெயில் கண்ணாடிகளை இன்னொரு பக்கமும் அடுக்கி, இது முந்திப்போச்சு, இது முந்தலை என்று நகர்த்திக் காட்டினாள். பார்வை சோதிக்க வந்து காத்திருந்தவருக்கு இரண்டு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. கடைக்காரருக்கு நான்கு நாள் ஆனது. புரிந்தபின் அவரை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. வீட்டில் மனைவிக்கு எதிராக ஒருநாளும் கொடி பிடித்தறியாதவர், மூன்றாவது ஞாயிறு அவள் அணி போட்ட கோலுக்கே கொடியைத் தூக்கிவிட்டார். அன்று மத்தியானம் அவருக்கு ரசத்தில் உப்பு இல்லை. கொடி சரிதான் என்று மட்டும் அவள் ஒப்புக்கொண்டாள்.

வாரம் தவறாமல் போனார். தொப்பை கொஞ்சம் உள்ளே போனது. எழுதி வைத்திருந்த நாடகம் பக்கம் பக்கமாகக் குப்பைக்குப் போனது. தலை வாருகிறவளை எங்கே தேடியும் காணோம். விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டிவிட்டு முழங்கையில் மாவோடு வரும் பேக்கரிக்காரம்மா, எண்பது அடி தூரத்திலிருந்து இடது காலால் பந்தை வளைத்து அனுப்புவதைக் கண்டார். காரில் "பிரேக், மெதுவா பிரேக்" என்று கொஞ்சுகிற தன் மனைவி, கோலில் நின்று போடும் சத்தத்தில் கிடங்குக் கூரைப் புறாக்கள் கிளம்பிப் போவதைக் கண்டார். ஒருநாள் அவள் எதிராளியின் காலடியில் பாய்ந்து விழுந்தாள். மூக்கில் ரத்தத்தோடு எழுந்து, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, பந்து உள்ளே போனதா என்று கேட்டாள். போகவில்லை. அவர் கொடியையும் மறந்தார், நோட்டையும் மறந்தார்.

வீட்டுக்கு வந்து குளிக்காமல்கூட உட்கார்ந்து எழுதினார். புது நாடகத்தில் பெண்கள் ஆடினார்கள். அசடு ஒரே ஒரு ஆள்தான், வேடிக்கை பார்க்க வந்த புருஷன். அவனை நடந்தது நடந்தபடியே எழுதினார். மனைவி கேட்டது, டாக்டர் சொன்னது, கொடி, விதி, எதையும் மாற்றவில்லை. மனைவியிடம் நடித்துக் காட்டியபோது, அவள் ஒரு வார்த்தையும் திருத்த வேண்டாம் என்றாள். விழாக் குழு ஏழாவது வருஷம் சம்மதித்தது. சனிக்கிழமை மாலை மேடை.

அரங்கம் நிறைந்திருந்தது. ஒரு பந்து, ஒரு கொடி, அவர். பேக்கரிக்காரம்மா உதைக்கும் இடத்தில் சனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மூக்கில் ரத்தம் வரும் இடத்தில் கை தட்டினார்கள். ஆனால் அவர் எதிர்பாராத இடங்களில் சிரித்தார்கள். "ஓரமா நின்னா போதும்" என்று மனைவி பணிவாகச் சொல்லும் இடத்தில் கொல்லென்று ஒரு சிரிப்பு. டாக்டர் கொடியை நீட்டும்போது முன்வரிசையில் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். மூன்றாவது வரிசையில் பதினொரு பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நம் நடிப்பு அப்படி என்று அவர் எண்ணிக்கொண்டார்.

திரை விழுந்ததும் விழாக் குழுத் தலைவி மேடைக்கே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மனைவிதான் சார் நாடகத்தோட உயிர். கொடி பிடிக்க வாங்கன்னு நேரா கூப்பிட்டா வரமாட்டான்னு தெரிஞ்சு, பந்து எங்கன்னு ஒரே கேள்வியில வாரா வாரம் இழுத்துட்டு வந்துடறா பாருங்க. அதைவிட, கடைசி வரைக்கும் அந்த ஆளுக்கு அது புரியவே இல்லன்னு வெச்சீங்களே, அங்கதான் சார் நீங்க நிக்கறீங்க."

கண்ணாடிக்கடைக்காரர் அங்கேதான் நின்றார். முகத்தில் போட்ட புன்னகையை எடுக்கவும் தெரியவில்லை. எல்லாரும் கலைந்தபின் கீழே இறங்கி மனைவியிடம் போனார். அவள் பந்தைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா சொல்றது நிஜமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு என்னங்க தெரியும்," என்றாள் அவள். "எழுதினது நீங்கதானே."