அரளிக்கு ஆட்சேபம் உண்டு

ஒரு காட்டில், குளத்தில் இறங்கித் தண்ணீர் குடிப்பதற்குக்கூட டோக்கன் வாங்க வேண்டும் என்ற காலம் வந்துவிட்ட பிறகு, பவுனம்மா என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். அவள் பேய்க்கதை எழுதுகிறவள். பழைய கதைகளைத் திருப்பிப் போட்டு இந்தக் காலத்துக்குத் தகுந்த மாதிரி எழுதுவதும் உண்டு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த முள்ளம்பன்றி நான் இல்லை. அவளுக்கு முதுகெல்லாம் முள். எனக்கு முதுகில் வலி மட்டும்தான்.

பவுனம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். இடி என்றால் பயம், வாசலில் புது ஆள் நின்றால் பயம், தபால் வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் பேய் மேல்தான். பேய்க்கதை எழுதுகிறவளுக்கே பேய் என்றால் பயமா என்று கேட்காதீர்கள். பயப்படாதவள் எதற்குப் பேய்க்கதை எழுதப் போகிறாள்? சமையல் குறிப்பு எழுதியிருப்பாள்.

அதனால் அவள் உச்சி வெயிலில்தான் எழுதுவாள். அப்போதும் தனியாக முடியாது. பக்கத்துப் பொந்தில் இருந்த தெய்வானை என்ற உடும்பு வந்து எதிரே படுத்துக்கொள்ள வேண்டும். பவுனம்மா தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி, நாவல்பழச் சாற்றில் தொட்டு எழுதுவாள். ஒரு பத்தி முடிந்ததும் வாசித்துக் காட்டுவாள். தெய்வானை கண்ணை மூடினால் அந்தப் பத்தியை அடித்துவிடுவாள். தெய்வானை வாலைச் சுருட்டிக்கொண்டால் அது நல்ல பத்தி. இலக்கியத்தில் அவளுக்குத் தெரிந்த அளவுகோல் அது ஒன்றுதான்.

"அக்கா, இன்னைக்கு நாலு தடவை வாலைச் சுருட்டியாச்சு. நான் கிளம்பறேன். வீட்டுல போட்டது போட்டபடி கிடக்கு."

"கொஞ்சம் இரு தெய்வான. அவ கதவைத் திறக்கிற இடம் வருது. தனியா எழுத எனக்குப் பயமா இருக்கு."

அந்த 'அவ' யார் என்று சொல்ல வேண்டும். அந்தக் காட்டில் குட்டிகளுக்குச் சோறூட்டும்போது ஒரு கதை சொல்வார்கள். அரளி என்று ஒரு பேய் ஒரு குகையில் இருந்தாள். கதவைத் தட்டியவர்களையெல்லாம் விழுங்கினாள். ஒருநாள் ஒரு சிறுத்தை இளவரசன் வந்து அவளை விரட்டிவிட்டு, ஒரு மானைக் கல்யாணம் செய்துகொண்டு அதே குகையில் குடியேறினான். எல்லோரும் சுகமாக இருந்தார்கள். சிறுத்தையைக் கட்டிக்கொண்ட மான் எத்தனை நாள் சுகமாக இருந்தது என்று ஒரு குட்டியும் கேட்டதில்லை.

பவுனம்மா இந்தக் கதையை அரளியின் பக்கம் நின்று எழுதினாள். அவள் எழுதிய அரளி, உயிரோடு இருந்தவரை அப்பாவின் வளையிலிருந்து புருஷன் வளைக்கும், புருஷன் செத்ததும் கொழுந்தன் வளையின் ஓரத்துக்கும் தள்ளப்பட்டவள். செத்த பிறகுதான் தனக்கென்று ஒரு வளை கிடைக்கிறது. இனி யாரும் தன்னை 'எழுந்திரு' என்று சொல்லக் கூடாது என்று முடிவு செய்கிறாள். தட்டியவர்களை அவள் தின்னவில்லை. காலி பண்ணச் சொன்னவர்களை மட்டும்தான் தின்றாள்.

இதெல்லாம் எப்படித் தோன்றியது என்று யாராவது கேட்டால் "எல்லாம் கற்பனைதான்" என்று பவுனம்மா வெட்கப்படுவாள். கற்பனை ஒன்றும் இல்லை. அப்பா, புருஷன், கொழுந்தன் எல்லாம் அவளுடைய சொந்தக் கதை. கடைசியில் மேற்குச் சரிவில் ஒரு வளையை அவளே தோண்டினாள். ஒரு கோடை முழுக்கத் தோண்டினாள். இரண்டு நகம் போயிற்று. அவள் வாழ்க்கையில் அவளுடையது என்று சொல்ல அந்த வளை ஒன்றுதான்.

இங்கேதான் அந்தப் பைத்தியக்காரி ஒரு தப்புச் செய்தாள். அவள் ஊர் உலகம் பார்த்தவள் இல்லை. பேய் எங்கே இருந்தது என்று எழுத வேண்டிய இடத்தில் வேறு எந்த இடமும் நினைவுக்கு வரவில்லை. மேற்குச் சரிவு, இரட்டை வேப்பமரத்தின் கீழே, வாசலில் வாய் உடைந்த பானை என்று தன் வளையையே எழுதிவிட்டாள்.

கதை பதினாலு வாரம் வாரப் பத்திரிகையில் வந்தது. ஆசிரியர் தணிகாசலம் என்ற கீரி, "காடே நடுங்குதும்மா" என்று கடிதம் போட்டார். நடுங்கியது உண்மைதான். மூன்றாவது வாரத்திலிருந்து மேற்குச் சரிவுப் பாதையில் நடமாட்டமே இல்லை.

"என் எழுத்துக்கு என்ன சக்தி பார்த்தியா?" என்றாள் பவுனம்மா.

"சக்தி இருக்கட்டும்க்கா. கிழங்கு விக்கிறவன்கூட இப்ப இந்தப் பக்கம் வர்றதில்ல" என்றாள் தெய்வானை.

அந்தச் சமயத்தில்தான் குடியிருப்புப் பதிவு வந்தது. கூடு, வளை, பொந்து எதுவானாலும் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாதவர்கள் மழைக்கு முன்னால் காலி செய்ய வேண்டும். பவுனம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் போய் வரிசையில் நின்றாள். சர்வர் படுத்திருந்தது. மூன்று மணி நேரம் கழித்து எழுந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரம் என்ற கருமந்தி உட்கார்ந்திருந்தார். அவர்தான் எழுத்தர்.

"விலாசம்?"

"மேற்குச் சரிவு, இரட்டை வேம்பு, உடைஞ்ச பானை."

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. "அது அரளி வீடாச்சே!"

"சார், அது கதை."

"கதையோ என்னவோ, பதிவாயிருச்சும்மா." கணினியைத் திருப்பிக் காட்டினார். பெயர்: அரளி. தொழில்: பேய். குடியிருப்பு: சொந்தம்.

"யாரு சார் வந்து பார்த்துப் பதிஞ்சது?"

ஏகாம்பரம் குரலைத் தாழ்த்தினார். "நேர்ல வரவேண்டியவன் நான்தான். ஆனா அந்தப் பக்கம் எவன் வருவான்? பத்திரிகையில எல்லாம் விவரமா இருந்துச்சு, பானை உடைஞ்சது முதக்கொண்டு. பார்த்து ஏத்திட்டேன். அரளிக்குப் பதினாலு வார ஆதாரம் இருக்கு. உங்ககிட்ட என்ன இருக்கு?"

"நான் இருக்கேன் சார்."

"அது போதாதும்மா. பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்?"

"அஞ்சாவதோட நின்னுட்டேன்."

"கல்யாணப் பத்திரிகை?"

"அதுல புருஷன் வீட்டு விலாசம்தான் இருக்கு. சார், அந்தக் கதையை எழுதுன பவுனம்மாவே நான்தான்."

ஏகாம்பரம் எட்டிப் பார்த்தார். "அவங்க போட்டோவுல ஒல்லியா இருப்பாங்களே."

"அது பழைய போட்டோ."

"சீக்கிரம் முடிங்கம்மா, வீட்டுல மாவு புளிக்குது" என்றாள் பின்னால் நின்ற காட்டுப்பன்றி.

ஏகாம்பரத்துக்கு மனசு இளகிவிட்டது. கதை படிக்கிறவர் அல்லவா. "ஒண்ணு பண்ணலாம். உங்களைச் சேர்த்துக்கறதுல ஆட்சேபம் இல்லைன்னு அரளி ஒரு கடிதம் எழுதிக் குடுக்கட்டும். 'உடன் வசிப்பவர்'னு உங்களையும் ஏத்திடறேன்."

"பேய் எப்படி சார் எழுதும்?"

"எட்டாவது வாரம் எழுதினாளே! சுவத்துல, நகத்தால. மறந்துட்டீங்களா?"

உண்மையிலேயே மறந்துதான் போயிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது பவுனம்மாவுக்குக் கொஞ்சம் தெம்பாகவே இருந்தது. பதினாலு வாரமாக அரளி பேசியதெல்லாம் இவள் எழுதியதுதானே? நாலு வரி எழுதுவது பெரிய காரியமா? மறுநாள் உச்சி வெயிலில் உட்கார்ந்து எழுதி, தெய்வானைக்கு வாசித்தாள்.

"மதிப்பிற்குரிய ஐயா, பவுனம்மா நல்ல குணமுடையவர். அவர் என்னுடன் வசிப்பதில் எனக்கு எவ்வித ஆட்சேபமும் இல்லை. இப்படிக்கு, அரளி."

தெய்வானை கண்ணை மூடினாள். "இது அரளி இல்லக்கா. இது கூட்டுறவுச் சங்கத் தலைவர்."

இரண்டாவதாக எழுதியதில், "இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன வந்தது" என்று கொஞ்சம் கோபம் சேர்த்தாள்.

"இது மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்ட மாமியார்."

மூன்றாவது கடிதம் எழுதும்போது முள் தன் போக்கில் போயிற்று. பவுனம்மா தடுக்கவில்லை. நிமிராமல் எழுதி முடித்துவிட்டு வாசித்தாள்.

"ஐயா, என்னை எழுந்திரு என்று சொன்னவர்கள் நான்கு பேர். கல்யாணம் ஆகிவிட்டது, எழுந்திரு என்றார் அப்பா. புருஷன் செத்துவிட்டான், எழுந்திரு என்றாள் மாமியார். இடம் போதவில்லை, எழுந்திரு என்றான் கொழுந்தன். கடைசியாகச் சாவு வந்து சொன்னது. அப்போதும் எழுந்தேன். இது என் ஐந்தாவது இடம். இங்கே நான் யாருக்காகவும் ஒரு சாண் நகர்ந்து உட்கார மாட்டேன். பவுனம்மாவுக்காகவும் மாட்டேன். எனக்கு ஆட்சேபம் உண்டு. அரளி."

தெய்வானையின் வால் முழுவதும் சுருண்டு தலைக்கு வந்துவிட்டது. "இதுதாங்க்கா. இதுதான் நம்ம அரளி." இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு தெய்வானைதான் சொன்னாள்: "ஆனா இதைக் குடுத்தா வீடு போயிருமே."

"போயிரும்."

"அப்ப அந்தத் தலைவர் கடிதத்தையே குடுக்கா. பைத்தியமாட்டம் ஏதாவது பண்ணி வைக்காதே."

"பண்ண மாட்டேன்டி. நான் என்ன குழந்தையா?"

ஆனாலும் பவுனம்மா இரண்டு கடிதங்களையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். ஏன் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. மறுபடி வரிசை, மறுபடி சர்வர், மறுபடி ஜன்னல். தெய்வானை சொன்னபடி முதல் கடிதத்தைத்தான் நீட்டினாள்.

ஏகாம்பரம் படித்தார். முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். அதை மையில் ஒற்றும்போது சும்மா ஒரு வார்த்தை சொன்னார். "எல்லாம் சரிதாம்மா. ஆனா உங்க எழுத்துல பழைய வேகம் இல்ல. வயசாகுதில்ல, அப்படித்தான்."

வீடு போகும் என்று பயந்தபோதுகூட பவுனம்மாவுக்கு அப்படி வலிக்கவில்லை. முதுகில் அத்தனை முள்ளும் நின்றது.

"அதைக் குடுங்க சார். தப்பா எடுத்துக் குடுத்துட்டேன். இதைப் படிங்க."

படித்ததும் ஏகாம்பரத்தின் உடம்பில் மயிர்க்கூச்செறிந்தது. எழுந்து நின்று வரிசை முழுவதற்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார். 'ஒரு சாண்' என்ற இடத்தில் காட்டுப்பன்றி விசும்ப ஆரம்பித்தாள். மாவு புளிப்பதை அவள் மறந்துவிட்டாள். வாசித்து முடித்ததும் ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓங்கி முத்திரை குத்தினார். வளை அரளிக்கே. பவுனம்மா ஆக்கிரமிப்பாளர். மூன்று நாளில் காலி செய்ய வேண்டும்.

"உங்க எழுத்துலயே இதுதாம்மா உச்சம்."

"ரொம்ப நன்றி சார்" என்றாள் அந்த மடச்சி.

பாதி வழி வரைக்கும் சந்தோஷமாகத்தான் வந்தாள். இரட்டை வேம்பு கண்ணில் பட்டபோதுதான் அழுகை வந்தது. தெய்வானை இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, பேசாமலே மூட்டை கட்டிக் கொடுத்தாள்.

அன்றைக்கு மத்தியானம் ஏகாம்பரம் வந்தார். அரளியின் வீட்டு அட்டையைக் கொண்டுவந்திருந்தார். அதைச் சொந்தக்காரர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று விதி. அவர் வளையிலிருந்து முப்பது அடி தள்ளி நின்றார்.

"என்னம்மா, காலி பண்ணியாச்சா?"

"பாய் ஒண்ணு உள்ளே இருக்கு சார். எடுத்துட்டு வந்துடறேன்."

பவுனம்மா உள்ளே போனாள். கடைசி மூலை வரை போனாள். சுவரில் அவள் நகம் பதிந்த தடம் இன்னும் இருந்தது. பாயைச் சுருட்டக் குனிந்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வெளியிலிருந்து ஏகாம்பரத்தின் குரல் கேட்டது. "அரளி அம்மா... உங்க கார்டு வந்திருக்கு... கொஞ்சம் எழுந்திருச்சு வந்தீங்கன்னா..."

பிறகு நடந்தது பவுனம்மா யோசித்துச் செய்தது இல்லை. எங்கோ மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது போல ஒரு குரல் வந்தது.

"எவன்டா என்னை எழுந்திருக்கச் சொல்றவன்?"

கூடவே அத்தனை முள்ளும் கலகலவென்று குலுங்கிற்று. ஏகாம்பரம் அட்டையைப் பானையின் மேல் வீசினார். ஒரே தாவில் வேப்பமரம், அடுத்த தாவில் அலுவலகம். 'உரிமையாளர் நேரில் இருந்தார், அட்டை ஒப்படைக்கப்பட்டது' என்று அன்றைக்கே பதிவேட்டில் எழுதியும் வைத்தார்.

வெகுநேரம் கழித்து தெய்வானை வாசலில் தலையை மட்டும் நீட்டினாள். "அக்கா, உள்ளே நீ மட்டும்தானே இருக்கே?"

"அப்படித்தான் நினைக்கிறேன் தெய்வான. நீ எதுக்கும் உள்ளே வந்து என் பக்கத்துல உட்காரு. பயமா இருக்கு."

அதற்குப் பிறகு பவுனம்மாவை யாரும் காலி பண்ணச் சொல்லவில்லை. அரசாங்கக் கணக்குப்படி அவள் காலி செய்துகொண்டு எங்கோ போய்விட்டாள். அரளி அவளை விழுங்கிவிட்டாள் என்று நம்பி, ஆசிரியர் தணிகாசலம் அந்த ஒல்லிப் படத்தைப் போட்டு அரைப் பக்கத்துக்கு அஞ்சலி எழுதினார். உயிரோடு இருந்தவளுக்கு ஒரு கிழங்கு கொண்டுவந்து கொடுக்காதவர்கள், இப்போது வெள்ளிக்கிழமைதோறும் உடைந்த பானையில் பலாச்சுளை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறார்கள்.

ஒரே ஒரு குறைதான். எழுதாமல் இருக்க அவளால் முடியவில்லை. போன மாதம் அரளி என்ற பெயரில் ஒரு கதை எழுதி அனுப்பினாள். தணிகாசலம் உடனே பதில் போட்டார்.

"அன்புடையீர், பேய்களைப் பற்றி உங்களுக்குப் போதிய அனுபவம் இல்லை என்று தெரிகிறது. காலஞ்சென்ற பவுனம்மாவின் எழுத்தைப் படித்துப் பார்க்கவும்."

நீதி: சொந்த வீடு வேண்டும் என்கிறவர்கள் மோசமாக எழுதிப் பழக வேண்டும். அது முடியாதவர்கள் காலாகாலத்தில் பேயாகிவிடுவது நல்லது.