இன்னோராள் அண்ணன் சுட்ட கேக்

கம்பம் ஊரில் காலியிடத்தைக் கண்டால் மனசு தாங்காத ஒரே மனிதர் இன்னோராள் அண்ணன்தான். கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப் அவருடையது. உள்ளே பதினாறு பேர், பின்னால் தொங்க நான்கு பேர் என்றான பிறகும் கீழே நின்று, "இன்னோராளு ஏறலாம்" என்பார். விளையாட்டுப் பேச்சில்லை. எப்போதும் துக்கம் விசாரிக்க வந்தவர் குரல்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மனைவி இறந்தபின் அவருடைய பத்து வயது மகள் தேவாரம் ஊரில் சித்தி வீட்டில் வளர்ந்தாள். பிள்ளையைத் தன்னிடம் அனுப்பச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கொழுந்தியாள் ஒரே பேச்சில் நின்றாள்.

"புள்ளைக்கு ஒருவேளை ஆக்கிப் போட்டுக் காட்டுங்க மச்சான். அப்புறம் பேசுவோம்."

மகளின் பிறந்தநாளுக்கு பிள்ளையும் சித்தியும் வருவதாக ஏற்பாடு. என்ன வேண்டுமென்று கேட்டதற்கு மகள் கேக் என்று சொல்லிவிட்டாள். அண்ணன் பக்கத்து வீட்டிலிருந்த என்னிடம் வந்தார்.

"கடையில வாங்குனா நான் ஆக்குனதா ஆகாது டீச்சர். குக்கர்லயே கேக்கு வேகும்னு எஸ்டேட்டுல சொன்னாக."

வேகும் என்று வாயை விட்டேன். குக்கரையும் கொடுத்தேன். உள்ளே காய்ந்த மணல் பரப்பி, விசிலும் ரப்பரும் கழற்றி, அதன்மேல் வைக்கும் டப்பாவில் பாதிவரை மட்டும் மாவு ஊற்றச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். போயிருக்கக் கூடாது.

திரும்பி வந்தால் டப்பா விளிம்புவரை மாவு. உலர்திராட்சைக்குப் பதிலாகப் பன்னீர் திராட்சை ஒரு கொத்து. அதற்குமேல் முந்திரி, ஏலக்காய், உரித்த வாழைப்பழம் ஒன்று முழுசாக.

"பாதின்னு சொன்னேனே அண்ணே?"

"அங்கன இடம் கெடந்துச்சு டீச்சர். பாதி வண்டியோட கெளம்பி எனக்குப் பழக்கமில்ல."

அரை மணியில் மாவு பொங்கி, மூடியில் முட்டி, மணலில் வழிந்து கருகியது. திராட்சை வெடித்து எல்லாம் ஊதா நிறம். புகை தெருமுனைவரை போனது. அண்ணன் ஜீப்பிலிருந்து ஸ்பேனரைக் கொண்டுவந்து, ஒட்டிக்கொண்ட மூடியை நெம்பிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் மகளும் சித்தியும்.

அவர் எதையும் மறைக்கவில்லை. பெயர்த்ததைத் தட்டில் வைத்துவிட்டுக் கொழுந்தியாளிடம், "எனக்கு ஆக்கத் தெரியல தாயி. கூட்டிட்டுப் போ" என்றார்.

மகள் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். நறநறவென்று மணல் கடிபடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. முழுங்கிவிட்டாள். பிறகு குக்கரைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய் உட்கார்ந்தாள்.

"கெளம்பலாமா?" என்றாள் சித்தி.

"நீங்க போங்க சித்தி. இதை ஊறவச்சுத் தேய்க்கவே எனக்கு நாலு நாளாகும்."

கொழுந்தியாள் பிள்ளையின் துணிப்பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

அந்தக் குக்கரை நான் திருப்பிக் கேட்கவே இல்லை.